என் போனில் உன் மாடு

அப்பா, போன சனிக்கிழமை டியூஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் என் பைக்குள் ஒரு மாடு கத்தியது. "ம்ம்மா..." என்று நீளமாக. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தோழி ஜெனி கேட்டாள்: "இன்னா மச்சி, பால் கறக்கற நேரமா?"

போனை எடுத்துப் பார்த்தால் ஏதோ ஓர் ஊர் மாட்டுச் சந்தையின் நேரலை. மந்தைவெளியில் பிறந்தும் மந்தையைப் பார்க்காத என் போனில் அந்தச் சேனலை சப்ஸ்கிரைப் செய்து, அறிவிப்பு ஒலியாக மாட்டுக் குரலையும் வைத்தது நீதான். அது முதன்முதலில் கத்திய நாளில் உன்னைப் பிடித்துக் கேட்டபோது, "எனக்கு போன்ல டார்ச் அடிக்கவே தெரியாதே வாலு" என்று முகத்தை ஒன்றும் அறியாத தேவதூதன் போல வைத்துக்கொண்டாய்.

போரைத் தொடங்கியவள் நான்தான். அதில் எனக்குப் பெருமையும்கூட. நீ குளிக்கப் போகும் நேரம் பார்த்து, டிவியில் உன் கணக்கில், தட்டு நிறைய ஆக்டோபஸ் வைத்துச் சாப்பிடும் ஒரு கொரியப் பெண்ணை ஓடவிட்டேன். கிணறு வெட்டுவதும் பழைய கடிகாரம் ரிப்பேர் செய்வதும் மட்டுமே பார்க்கிற உனக்கு, அந்த வாரம் முழுக்க டிவி எட்டுக்கால்களாகப் பரிமாறியது. "நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று கத்தினாய். மறுநாள் பார்த்தால் நீயே அவளைப் போட்டுவிட்டு, எதிரில் உன் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாய். "பாவம், அந்தப் பொண்ணு தனியா துன்னுது. கூட யாராவது வேணாமா?"

ஜெயித்தது நீயா நானா என்று இன்றுவரை தெரியவில்லை.

மழைக்காலத்துக்கு முன் நீ போய்விட்டாய். ஆனால் டிவியை விட்டுப் போகவில்லை. போட்டதும் அது "பார்ப்பது யார்?" என்று கேட்டு, முதலில் உன் முகத்தைத்தான் காட்டும். நான் எடுத்த படம். வாய் நிறைய போண்டா. போன சனிக்கிழமை சாயங்காலம் அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள். "தெனமும் இந்த மூஞ்சியத் தாண்டித்தான் சீரியலுக்குப் போகணுமா? என்னால முடியலடி. எடுத்துடு."

உன் கணக்கை எடுத்தால் உன் கிணறுகள், கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்தே போய்விடும். "ஒரு வாரம் டைம் குடும்மா" என்றேன்.

அந்த ஒரு வாரமும் உன் முகத்தை அழுத்தி உள்ளே போய், டிவி உனக்காக எடுத்து வைத்திருந்தவற்றைப் பார்த்தேன். கடிகாரக்காரர் ஒருவர் விழுந்த திருகாணியை வாய் திறக்காமல் தேடிக்கொண்டே இருந்தார்; நானும் எங்கள் சோபாவுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாதாம், தெரியுமா? கீழ்ப்பல்லைப் பார்த்துத்தான் வயது சொல்கிறார்கள். நீ தானமாகக் கொடுத்த மாடு என்பதால் இத்தனை நாள் பல்லைப் பார்க்காமலே விட்டிருந்தேன். அப்புறம், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும். அதனால் ஊர்ந்து போவதுதான் அதற்குப் பிடிக்குமாம். மூன்று! உனக்கு ஒரு ஸ்பேர் கொடுத்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அந்த இடத்தில் மட்டும் வீடியோவை நிறுத்திவிட்டு பால்கனிக்குப் போய் வந்தேன்.

வியாழக்கிழமை கொரியப் பெண் புது வீடியோ போட்டிருந்தாள். அம்மா அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீ போனதிலிருந்து அப்படித்தான். நண்டு உடைபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"இவளா? உங்கப்பாவோட சிநேகிதி ஆச்சே. இன்னும் தனியாத்தான் சாப்பிடறாளா?"

கேட்டுக்கொண்டே தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "அடியே, மெதுவா! நாக்கக் கடிச்சுக்கப் போற" என்று டிவியை அதட்டினாள். ஒரு வாரக் கெடுவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சும்மா இருந்தால் நான் வாலா? நேற்று அவள் மாடியில் துணி காயப்போடப் போனபோது, அவள் போனில் உன் வேலையைச் செய்து வைத்தேன்.

இன்று மறுபடி சனிக்கிழமை, சந்தை நாள். டியூஷன் லீவு. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மாடு கத்தியது. என் கட்டிலில் இருந்து இன்னொரு மாடு பதில் சொன்னது.

"ஏய் வாலு! என் போன்ல ஏன்டி மாடு கத்துது?" தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள்.

"எனக்கு டார்ச் அடிக்கவே தெரியாதும்மா. அப்பாவைக் கேளு."

வாயை விட்ட பிறகுதான் பயம் வந்தது. அம்மா கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ரிமோட்டை எடுத்தாள். டிவி வழக்கம்போலக் கேட்டது, பார்ப்பது யார் என்று.

"இரு, அவரையே கேக்கறேன்" என்று உன் போண்டா வாயை அழுத்தினாள்.

தோசை கருகியது. கெடுவும் அதோடு போயிற்று. என் போனில் உன் மாடு பத்திரமாக இருக்கிறது, அப்பா. மாற்ற மாட்டேன்.