எரிந்த பக்கம்

பிப்ரவரி 6
"மரமே இல்லாத இடத்துல குருவி எங்க டீச்சர் கூடு கட்டும்?" என்று ஒருமுறை வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். தரையில்தான் என்றேன். நம்பவில்லை. இன்று புல்வெளியில் ஒரு வானம்பாடிக் கூடு பார்த்தேன். புல் தூருக்கு அடியில், சின்னக் கிண்ணம்போல. மலையின் மேற்குச் சரிவில் இப்போது அப்படி எதுவும் கிடையாது. புல்லை அழித்து நட்ட தைலமரங்கள் வளர்ந்துவிட்டன. கீழே காய்ந்த இலையும் பட்டையும் கணுக்கால் புதைய.

பிப்ரவரி 14
தொலைவில் புகை. தம்பி இங்கே வனத்துறையில் தீக்காவலன். ஓய்வு பெற்றபின் அவனுடைய குடியிருப்பில்தான் இருக்கிறேன். கிளம்பியவனைத் தடுத்தேன். சிரித்தான்.
"புல்லுத் தீக்கு முன்னால ஓடுறவன்தான் அக்கா சாவான். தாழ்வா எரியிற இடமாப் பார்த்து ஒரே தாவு. அந்தப் பக்கம் எல்லாம் எரிஞ்சு முடிஞ்சிருக்கும், கால் நீட்டி உட்காரலாம்."
மாலையில் பாதிப் புருவத்தோடு திரும்பினான். இனி இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்றேன். "முழுசா இருந்தப்பவே கொடுக்கல" என்றான்.

பிப்ரவரி 15
மரத்தீ வேறு என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு தாளைக் கொளுத்தினால் நொடியில் சாம்பல். தடித்த புத்தகத்தைக் கொளுத்தினால் அணைந்தது போலிருக்கும், உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். பாடம் முடிந்ததா, சாப்பாடு போடு என்றான். தீப்பிடித்தால் தைலமரச் சரிவுக்குள் ஆளை அனுப்ப வேண்டாமென்று அதிகாரியிடம் அவனும் சொல்லியிருக்கிறானாம். பிறகு எதற்குச் சம்பளம் என்று கேட்டாராம்.

மார்ச் 2
பலத்த காற்று. மேற்குச் சரிவில் புகை. போய்விட்டான்.

மார்ச் 3
மருத்துவமனை. கூடப் போன ஓட்டுநர் சொன்னார்: தீ சூழ்ந்ததும் மற்றவர்கள் வண்டிப்பாதையைப் பிடித்து ஓடித் தப்பியிருக்கிறார்கள். இவன் மட்டும், எரிந்த பக்கம் வாங்கடா என்று அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே தாவியிருக்கிறான். அந்தப் பக்கம் எரிந்து முடிந்திருக்கவில்லை. மரங்கள் நின்றபடி எரிந்துகொண்டிருந்தன. காலடியில் கங்கு.
இத்தனை வருடப் பழக்கம் — கால் தானாகப் போயிருக்கும். நான் சொன்னது உனக்குக் காதுல விழுந்துச்சா இல்லையாடா?

மார்ச் 5
கட்டுகளுக்கு இடையில் உதடு அசைந்தது. "புல்லுன்னே நெனச்சுட்டேன்க்கா."


மார்ச் 9
விடியற்காலையில் போய்விட்டான். எழுத எதுவுமில்லை.

மார்ச் 28
புதிய காவலர் பெட்டியோடு வந்தார். அறையை ஒழித்துக் கொடுத்தேன். நாளை மகள் வந்து என்னை அழைத்துப் போவாள். "மரத்துக்குள்ள தீயைத் தாண்டாதீங்க தம்பி, பாதையைப் பிடிச்சு ஓடுங்க" என்றேன். அவர் சரிங்கம்மா என்றார்.
புல் எரிந்த இடமெல்லாம் பச்சை கட்டிவிட்டது. மேற்குச் சரிவு கரிதான். மறுபடியும் தைலக்கன்று நடக் குழி வெட்டுகிறார்கள்.
இதை யாராவது படித்தால்: வெறும் புல் என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் ஒரு தூரை வேரோடு தோண்டி எடுங்கள். மண்ணைக் கழுவிவிட்டு, மேலே புல் எவ்வளவு, கீழே வேர் எவ்வளவு என்று கையால் அளந்து பாருங்கள்.