வரிச்சலுகை சைக்கிள்

ஜனவரி 15, திங்கள்

காலை ஐந்தரை மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தத்துக் கம்பத்தில் ஒரு தாள். அது மழையில் நனையக்கூடாதென்று பிளாஸ்டிக் உறை வேறு. நான் நனையலாம் போல. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு நடந்தே போனேன், ஒரு மணி பத்து நிமிஷம். ஹல் நகரம் இவ்வளவு நீளம் என்று இந்த ஐம்பத்தொரு வயதில்தான் கால் சொல்கிறது.

என் கணவன் கிளைவிடம் சொல்லவில்லை. நவம்பரில் கண் டாக்டர் இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்றதிலிருந்து ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறான். பஸ் நின்றதுகூடத் தன் குற்றம்தான் என்பான்.

ஜனவரி 18, வியாழன்

எங்கள் ஓய்வறைச் சுவரில் புதிதாக ஒரு போஸ்டர். வேலைக்கு வர சைக்கிள் வேண்டுமா? சமையலறையை நடத்தும் கம்பெனி வாங்கித் தரும். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்ளும். வரி மிச்சம். படத்தில் ஹெல்மெட் போட்ட ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

"போட்டுடுடி நோரீன், நானும் போடறேன்" என்றாள் கூட வேலை செய்யும் பெவ். "சைக்கிள் சீட் உனக்குப் பத்தாதுன்னு பயமா?"

"உனக்கே பத்தும்போது எனக்கென்ன?"

ஜனவரி 22, திங்கள்

விண்ணப்பம் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் மூன்று தடவை என்னை வெளியே தள்ளியது. என் பணியாளர் எண்ணில் இருப்பது பூஜ்யமா, ஓ என்ற எழுத்தா? இரண்டும் இல்லையாம். முன்னால் ஒரு கோடு போட வேண்டுமாம். கடைசியில்: "மேலாளர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது." மேலாளர் என்றால் டேரன். ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

டேரனிடம் கேட்டேன். "மனசுல இருக்கு நோரீன். இன்னைக்கே முடிச்சுடறேன்."

பிப்ரவரி 14, புதன்

மனசிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

இந்த மாதம் மூன்றாவது முறை தாமதம். டேரன் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தான். "விதிப்படி குடுத்தாகணும். நான் என்ன பண்றது, சொல்லுங்க?" ஒரு பக்கம் முழுக்க டைப் அடிக்க நேரம் இருந்திருக்கிறது. ஒரு பொத்தான் அமுக்க மட்டும் விரல் வரலையாடா உனக்கு? இன்னொரு எச்சரிக்கை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாமாம்.

கடிதத்தை மேசையில் வைத்தது என் முட்டாள்தனம். கிளைவ் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறான்.

"பஸ் இல்லைன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

சொல்லியிருக்கக் கூடாது. மாடிக்குப் போய்விட்டான். சுவரைப் பிடித்துப் பிடித்து.

மார்ச் 19, செவ்வாய்

டேரன் பொத்தானை அமுக்கிவிட்டான்!! என்ன கிரகமோ, தெரியவில்லை.

மார்ச் 23, சனி

கிளைவையும் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். வர மாட்டேன் என்றான், வந்தான். பச்சை நிறத்தில் ஒன்று, முன்னால் கூடை. கிளைவ் அதை முழுக்கத் தடவிப் பார்த்தான். பிரேக்கை அமுக்கினான், சக்கரத்தைச் சுழற்றிக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனான். "கோணல் இல்ல. இதையே எடு." அவன் குரலில் பழைய மெக்கானிக் எட்டிப் பார்த்தான்.

கடைக்காரர், "கம்பெனி லெட்டர் வந்ததும் ஓட்டிட்டுப் போ கண்ணு, எடுத்து வைக்கிறேன்" என்றார்.

ஏப்ரல் 3, புதன்

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. லெஸ்டரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பியானோ இசை. பிறகு பிலிப்பா என்றொரு பெண்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து குறைந்தபட்சக் கூலி ஏறிடுச்சு இல்லையா? உங்க கூலி இப்ப சரியா அந்த அளவுலதான் இருக்கு. சைக்கிளுக்குன்னு குறைச்சா அதுக்குக் கீழே போயிடும். சட்டம் விடாது. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"நான் ஜனவரியில போட்டேன்மா. அப்ப கொஞ்சம் மேலே இருந்தேனே."

"அப்பவே எங்களுக்கு வந்திருந்தா பிரச்சினையே இல்ல."

"எங்க மேலாளர் வாங்கலாமா?"

"அவர் சம்பளத்துக்குத் தாராளமா வாங்கலாம்."

டேரனிடம் கார் இருக்கிறது. ஹீட்டர் வைத்த சீட்.

ஏப்ரல் 4, வியாழன்

சம்பளம் குறைவு, அதனால் சலுகை இல்லை. நடந்துகொண்டே இதை எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் புரிய மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 11, வியாழன்

பெவ்வுக்கும் அதே பதில். விசாரித்தால், சமையலறையில் பதினாலு பேரில் ஒருத்திக்குக்கூடத் தகுதி இல்லை. அப்புறம் அந்தப் போஸ்டரை எதற்கு எங்கள் அறையில் ஒட்டினார்கள்?

பெவ் தொழிற்சங்கத்தில் கேட்டு வந்தாள். சலுகை முடியாது, ஆனால் கம்பெனி வட்டியில்லாக் கடன் கொடுத்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம், அதைச் சட்டம் தடுக்காது. வரி மிச்சமாகாது. ஆகாவிட்டால் போகட்டும். எனக்கு வேண்டியது இரண்டு சக்கரம்.

கடிதம் நான்தான் எழுதினேன். எச்சரிக்கையையும் திரும்பப் பெற வேண்டும் என்று சேர்த்தேன். பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏப்ரல் 24, புதன்

பிலிப்பாவே ரயிலேறி வந்துவிட்டாள். நினைத்ததைவிடச் சின்னப் பெண். டேரன், பெவ், நான் எல்லோரும் அவன் அறையில்.

"இவ்வளவு அவசரம்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றான் டேரன்.

"எட்டு வாரம், டேரன். நாலு தடவை உன் முன்னாடி வந்து நின்னேன். நீ எனக்கு எழுதின எச்சரிக்கையிலயே பஸ் இல்லைன்னு போட்டிருக்கே!"

அழக்கூடாதென்று அவன் மேசைமேல் இருந்த காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிலிப்பா கணினியில் தேதிகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு டேரனிடம், "நீங்க கொஞ்சம் இருங்க" என்றாள். எங்களைப் போகச் சொன்னாள்.

மே 10, வெள்ளி

கடன் சரி. சைக்கிள் கேட்ட ஐந்து பேருக்கும். எச்சரிக்கை ரத்து. மன்னிப்புக் கடிதம் "அன்புள்ள நோர்மா" என்று தொடங்குகிறது.

மே 20, திங்கள்

கடைசியாக சைக்கிள் ஓட்டி முப்பது வருஷம். தெருமுனையிலேயே விழுந்தேன். முழங்கால் ஊதா நிறம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சாயங்காலம் கிளைவ் சங்கிலியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பார்க்காமலே. "பெவ்வோடதும் சத்தம் போடுதுன்னியே. கொண்டு வரச் சொல்லு."

ஜூன் 13, வியாழன்

காலையில் ஒரு படகுக்காக ஆற்றுப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் தடுப்புக்கு முன்னால், ரோட்டை அடைத்தபடி நின்றோம். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. பெவ் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து, "டேரன்" என்றாள்.

பாலம் இறங்கியது. யாரும் ஒதுங்கவில்லை. மறுகரை வரை நிதானமாகவே மிதித்தோம்.