கண்ணாடி மூடி போட்ட ஃபேசர்

திருவனந்தபுரம்
12.2.1999

மக்களே பிஜி,

மன்னிப்புக் கடுதாசி என்று நினைத்துக் கிழிக்காதே. உன் மாமன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டான்.

உன் கிட்டார் ஒலியைச் சுழற்றும் ஃபேசர் பெட்டிக்கு, குட்டி விளக்கும் அதைப் பார்க்கும் கண்ணும் ஒரே உறைக்குள் இருக்கும் ஆப்டோகப்ளர் வேண்டும் என்றாய். சாலைக் கடைத்தெருவில் நூறு கடை ஏறினேன். ஜப்பானுக்கே ஆள் விட்டேன் என்று வைத்துக்கொள். கிடைக்கவில்லை. ஒரு எல்.இ.டி.யையும், வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறும் எல்.டி.ஆரையும் முகத்துக்கு முகம் வைத்து நானே நாலு செய்தேன். வீட்டில் வாசித்துவிட்டு, “மாமா, சங்குமுகம் கடலாட்டம் இரையுது” என்று நீதானே சொன்னாய்?

கல்லூரிப் போட்டி மேடையில் விளக்குப் போட்டதும் சுழற்சி நின்றது. அத்தனை பேர் முன்னால், “இனி என் பெட்டியத் தொடாதீங்க” என்றாய். தப்பு அந்த விளக்குக்காரனுடையது. என் வேலையை நாலு பேர் பார்க்கட்டும் என்று கண்ணாடி மூடி போட்டது யார் என்று மட்டும் கேட்காதே.

அப்படியும் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாய். அது என் ரத்தம்.

இப்போது சைக்கிள் டியூபை நறுக்கி நாலுக்கும் உறை போட்டு, பெட்டிக்குத் தகர மூடி முறுக்கிவிட்டேன். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வைத்து, கிட்டாரில் எனக்குத் தெரிந்த ஒரே தந்தியைத் தட்டினேன். கடல் வந்துவிட்டது.

பெட்டி உன் அம்மாவிடம் இருக்கிறது. சனிக்கிழமைப் போட்டிக்கு வேறு எவனிடமும் இரவல் வாங்காதே. உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது என்று வெளியே தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்.

உன்
மாமன்