நடுவில் நின்ற பாட்டில்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன சங்கதி நடந்தது, பயப்படாதே. ஒரே ஆற்றுத் தண்ணீருக்காக இரண்டு நாட்டு அதிகாரிகள் எங்கள் ஹோட்டல் ஹாலில் பேசுகிறார்கள். எல்லையில் இருபுறமும் பட்டாளம் நிற்கிறதாம். மேசையில் தண்ணீர் வைப்பது என் வேலை. நேற்று ஒரு பாட்டில் மிஞ்சியது. தெரியாத்தனமாக அதை நடுவில் வைத்துவிட்டேன்.

"எங்க பக்கக் கதவு வழியாத்தானே வந்துச்சு. அது எங்களுது" என்றார் ஒரு நாட்டுக் குழுவின் தலைவர்.

"எந்தக் கதவு வழியா வந்தா என்ன? அந்த இடத்துல எப்பவும் குடிக்கிறது நாங்கதான்" என்றார் மற்றவர்.

மதியம்வரை இதே பேச்சு. எனக்குத் தொண்டை வறண்டது. வீட்டு ஞாபகத்தில் அந்தப் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டேன். புரையேறி, பாதித் தண்ணீர் அவர்கள் விரித்திருந்த வரைபடத்தில் கொட்டியது. வறண்டு கிடந்த ஆறு அதிலாவது நனைந்தது.

இரண்டு நாடும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் என்மேல் கொடுத்த புகார்தான். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒத்துமை வந்துருச்சுய்யா. நாளைக்கும் எதையாவது கொட்டு" என்றார்.

நீயும் பக்கத்து வீட்டு அக்காவோடு போடும் குழாயடிச் சண்டையை முடித்துக்கொள். இங்கே வருகிறவர் யாரிடமாவது என் எவர்சில்வர் சொம்பைக் கொடுத்தனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போக ஹோட்டல் வேன் வந்துவிட்டது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பாயே, நேற்று நினைத்தது நீதானே? ஹால் வேலை நேரத்தில் மட்டும் வேண்டாம். மற்ற நேரமெல்லாம் நினை.

உன் வீட்டுக்காரன்