எனக்காக ஒருமுறை விழுந்தால் என்ன?

பிப்ரவரி 6, வியாழன்

இடுப்பு போயிற்று. வலது தோளும். இடது கட்டைவிரலுக்கு என்ன கோபமோ, அது தனியாக வீங்கியிருக்கிறது.

ஜூடோ வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரமாகிறது. இன்னும் விழுவதற்குத்தான் பயிற்சி. நான் பிரவுன் பெல்ட், பிளாக்குக்கு ஒரே ஒரு படி கீழே! விழுவதெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். வந்தது, இருபத்து நாலு வயதில். நாற்பத்தெட்டில் பின்னால் சாயச் சொன்னால், எதற்கு என்று கேட்கிறது உடம்பு.

சொல்லிக்கொடுப்பவளுக்கு என் மகளைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில். அதனால் இந்த நோட்டில் அவள் பெயர் விசில். "ஆன்ட்டி, தலையைப் பாத்துக்கோங்க ஆன்ட்டி." ஒரு வாக்கியத்துக்கு இரண்டு ஆன்ட்டி.

வீட்டுக்கு வந்தால் சோபாவிலிருந்து இவர் ஆரம்பிக்கிறார். "தாடையை மார்போட ஒட்டணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என் வீட்டுக்காரர் பிளாக் பெல்ட். வாங்கிய கையோடு பயிற்சிக்கு முழுக்குப் போட்டவர். இப்போது சோபாவை விட்டு எழுந்திருக்கவே கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. வாய்க்கு மட்டும் வயசே ஆகவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கடையில் நடந்ததை யாரிடம் போய்ச் சொல்ல?

கண்ணாடி ஃபிரேமில் காதுக் கம்பியை மாட்டுகிற ஸ்குரூ எள்ளளவுதான் இருக்கும். தோள்வலியில் அதை மூன்று முறை கீழே போட்டேன். தேடுவதற்குக் குனிந்தபோது சட்டைக்கை மேலே ஏறிவிட்டது. முழங்கை வரை ஒரே கன்றிய நீலம். முதலாளியம்மா பார்த்துவிட்டார். கண் டெஸ்ட் செய்கிற அறைக்கு என்னைக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு வாரமா மேடம்."

"குடிப்பாரா?"

"யாரு?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஐயோ மேடம், ஜூடோ என்றேன். "எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லி மறைப்பாங்க. படியில விழுந்தேம்பாங்க, கதவுல இடிச்சுக்கிட்டேம்பாங்க. ஜூடோன்னு நீதான் முதல்ல சொல்ற" என்று ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கையில் திணித்தார். பெண்களுக்கு உதவுகிற இடமாம்.

வீட்டில் சொன்னதும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவருக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னைப் பாத்தா அடிக்கிற ஆள் மாதிரியா இருக்கு?" எழுந்திரிக்கிற ஆள் மாதிரியே இல்லை என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவியைப் போட்டுவிட்டார்.

மார்ச் 5, புதன்

இன்று யோசிக்காமல் விழுந்தேன். அடி உடம்பில் இறங்காதபடி கை தானாகவே பாயை அறைந்தது. அதே பழைய சத்தம்! விசில்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 9, புதன்

மே பதினெட்டாம் தேதி பிளாக் பெல்ட் தேர்வு. "நீங்க போகலாம் ஆன்ட்டி" என்றாள் விசில். முதல்முறையாக அந்த ஆன்ட்டி இனித்தது.

ஆனால் தனியாகப் போய் நிற்க முடியாது. தூக்கிப் போட ஒரு ஆள் வேண்டும். பிரவுன் பெல்ட்டுக்குக் குறையாத ஒருவரை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் நம்மை நம்பி உடம்பைக் கொடுத்தால்தான் எறிகிறவருக்கு மார்க். எங்கள் வகுப்பில் அப்படி ஒரே ஒருத்திதான் இருக்கிறாள், பேங்க்கில் வேலை பார்ப்பவள். உடனே சரி என்றுவிட்டாள்.

இவருடைய தேர்வுக்கு விழுந்தது நான். கல்யாணமான புதிது. ஐந்து மாதம், தினமும் சாயங்காலம் தூக்கித் தூக்கிப் போட்டுப் பழகினார். அடுத்த தேர்வு எனக்கு என்று பேச்சு. அதற்குள் மகள் வயிற்றில் வந்துவிட்டாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அடுத்த வருஷம் இப்போதுதான் வந்திருக்கிறது. நானாகப் போய் இழுத்து வந்தேன், அது வேறு விஷயம்.

மே 2, வெள்ளி

பேங்க்காரிக்கு டிரான்ஸ்பர். வேறு ஊர். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டுமாம். அழுதே விட்டாள் பாவம். அவளைத் திட்டவும் முடியவில்லை.

வகுப்பில் மிச்சம் இருப்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சொல்லிக்கொடுப்பவரே வந்து விழக் கூடாதாம், அது விதி. விசில்தான் சொன்னாள்: "வீட்ல அங்கிள் பிளாக் பெல்ட்டுன்னீங்களே ஆன்ட்டி?"

கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. முதலில் முட்டி வலி. அப்புறம் ஆபீஸில் ஆடிட். அப்புறம், "நான் எண்பத்திரண்டு கிலோ, உன்னால தூக்க முடியாது." தூக்குகிறேனா இல்லையா பாருங்கள் என்றேன். கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு வார்த்தை: "இந்த வயசுல பெல்ட் வாங்கி என்ன பண்ணப் போற?"

அவ்வளவுதான். என்ன பண்ணப் போறேனா? இடுப்புல கட்டப் போறேன்! நீங்க வாங்கி என்ன கிழிச்சீங்க? அலமாரியில பூட்டி வெச்சு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுறீங்க. அஞ்சு மாசம் உங்களுக்காக விழுந்தேனே, ஒரு நாளாவது முட்டி வலி, முதுகு வலின்னு சாக்கு சொன்னேனா? எனக்காக ஒரே ஒரு தடவை விழுந்தா கொறஞ்சா போயிடுவீங்க?

டிவி சத்தத்தைக் கூட்டினார். மனுஷனா இவர்?

மே 4, ஞாயிறு

பேச்சு கிடையாது. வண்டிச் சாவி எங்கே என்று மகளை விட்டுக் கேட்கிறார். நானும் மகளை விட்டே பதில் சொன்னேன். "நான் என்ன தபால்காரியா?" என்று அவள் இரண்டு பேரையும் திட்டினாள். தேர்வுக்கு வரவில்லை என்று விசிலிடம் இன்னும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

மே 8, வியாழன்

மத்தியானம் கடைக்குப் போன் செய்தாள் மகள். "அம்மா, அப்பா லீவு போட்டுட்டு ரூம் கதவைச் சாத்திக்கிட்டு என்னமோ பண்றார். தொப்பு தொப்புன்னு சத்தம் கேக்குது. கேட்டா பல்பு மாத்துறேங்கிறார்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். கதவைத் தள்ளினால், மெத்தை தரையில் கிடக்கிறது. மேஜை விளக்கு உடைந்து மூலையில். நடுவில் இவர், இடுப்பில் தலையணையைச் சுற்றி வைத்து அந்தப் பிளாக் பெல்ட்டாலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா?

"பல்பு மாத்தியாச்சா?" என்றேன். ஆறு நாள் கழித்து நேராகப் பேசிய முதல் பேச்சு.

தலையைக் குனிந்துகொண்டார். "விழ வரலடி. பின்னால சாயறப்பவே உடம்பு இறுகிடுது. பயமா இருக்கு. சோபாவுல உக்காந்து சொல்றது சுலபமா இருந்துச்சு."

இளகியிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம்தான் கூடியது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? ஆடிட்டாம், எண்பத்திரண்டு கிலோவாம்! பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை. எனக்கு மட்டும் பயமா இல்லையா? முதல் ரெண்டு வாரம் நான் நடுங்கினது எனக்குத்தானே தெரியும்.

உடை மாற்றிக்கொண்டு வந்து மெத்தையில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாயச் சொன்னேன், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

"தாடையை மார்போட ஒட்டுங்க. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

முறைத்தார். ஆனால் ஒட்டினார்.

மே 13, செவ்வாய்

வகுப்புக்கு வருகிறார். வந்த மூன்றாம் நாளே விசிலுக்குப் பிடி எப்படிப் பிடிப்பது என்று பாடம் எடுக்கிறார். எனக்கு மானம் போகிறது. அவளானால், "சரி அங்கிள், இப்ப விழுங்க அங்கிள்" என்கிறாள். கெட்டிக்காரி.

மே 18, ஞாயிறு

பாஸ்.

முதல் எறிதல் சரியாக வந்தது. இரண்டாவதில் இவர் உடம்பு இறுகிவிட்டது. பீரோவைத் தூக்குவது போல இருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள். காதருகே, "நான் பிடிச்சிருக்கேன், விடுங்க" என்றேன். மூச்சை விட்டார். உடம்பை விட்டார். என் தோளுக்கு மேலே காற்றுப் போலப் போய் விழுந்தார். அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

முடிந்ததும் தேர்வாளர் நேராக வந்து கை கொடுத்தார். எனக்கில்லை, இவருக்கு! "பிரமாதமா விழுந்தீங்க சார்!" இவரும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டுகிறார். ஐந்து மாதம் விழுந்தவளுக்கு அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

மே 19, திங்கள்

காலையில் இவரால் கையைத் தூக்கவே முடியவில்லை. விலாவெல்லாம் நீலம். சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"உனக்கும் இப்படித்தான் வலிச்சுதா? என் டெஸ்ட்டப்போ?"

"ம்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"சொல்லவே இல்லையேடி."

"நீங்க கேக்கவே இல்லையே."

ஆபீஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் கிளப்பி விட்டேன். கடையில் இரண்டு பேருக்கு லென்ஸை மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மே 21, புதன்

சாயங்காலம் கடைக்கே வந்துவிட்டார், என்னைக் கூட்டிப் போக. நொண்டிக்கொண்டு. முழங்கையில் கன்றிப்போனது எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அரைக்கைச் சட்டை வேறு. முதலாளியம்மா இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க சார்" என்று இவரைக் கண் டெஸ்ட் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். நான் கையில் ஸ்குரூடிரைவரோடு வெளியே.

வரும்போது இவர் கையில் ஒரு சீட்டு.

"என்ன சொன்னீங்க?"

"எத்தனை நாளா நடக்குதுன்னு கேட்டாங்க. எனக்குப் பத்துப் பதினஞ்சு நாள்தான் மேடம், இவ எனக்காக அஞ்சு மாசம் தாங்கினா, நான் ஒரு வார்த்தை கேட்டதில்லைன்னேன்."

"ஐயோ! ஜூடோன்னு சொல்லித் தொலைக்கலையா?"

"சொன்னேன். நம்பல."

தலையில் அடித்துக்கொண்டேன். நாளைக்கு அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? இவரோ என் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு, விசில் கத்தும், வா" என்று முன்னால் நொண்டிக்கொண்டு போகிறார். பையில் இரண்டு பேருடைய ஜூடோ உடுப்பும் இருந்தது.