ஜெர்சனுக்கு எதிராக நீ தூக்கிய கை

மேற்குத் தாம்பரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அபிகாயிலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் ஜெபிக்கிறேன், ஆனால் நேற்றிலிருந்து ஜெபத்தில் மனசு நிற்கவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஏண்டி, இப்படி ஒரு காரியம் பண்ணிவிட்டு பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

உங்கள் யுனிவர்சிட்டி மாணவர் சங்கத் தலைவர் பதவியிலிருந்து ஜெர்சனை நீக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பதறியடித்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்கு அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஜான்சி ஆன்ட்டிக்கு அழுது முகமே வீங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு, யார் கைவிட்டாலும் எங்கள் அபி உங்கள் பிள்ளை பக்கம்தான் நின்றிருப்பாள், அமெரிக்காவில் போய் இறங்கினதும் ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போன அண்ணன் இல்லையா என்றேன். அவர் கையை உருவிக்கொண்டார். மொதல்ல எழுந்து நின்னு அவனைப் பதவியை விட்டு எடுக்கணும்னு பேசுனதே உன் பொண்ணுதான் ஏஞ்சல் என்றார்.

ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒருவரை மாணவர்களே ஓட்டுப் போட்டு சங்கத்துக்கு அனுப்புவார்களாம், உன் டிபார்ட்மென்ட்டுக்கு நீயாம், தலைவரே தப்புப் பண்ணினாலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்கினால் இறக்கிவிடலாமாம். அவன் பண்ணின தப்பு, அடுத்த தேர்தலை நடத்துகிற கமிட்டியில் யாரையும் கேட்காமல் தன் ரூம்மேட்டைப் போட்டது. ஐயோ, இதற்கா? நம் சர்ச் கமிட்டியில் வேண்டியவர்களைத் தவிர வேறு யாரைப் போடுகிறார்கள்? நம்ம பையன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குகிறதுதானே எனக்குத் தெரிந்த தேர்தல்!

கிளம்பும்போது ஆன்ட்டி சொன்னதுதான் இன்னும் அதிர்ச்சி. முந்தின நாளே நீ அவன் ரூமுக்குப் போய், அண்ணா, நாளைக்கு உனக்கு எதிராத்தான் ஓட்டுப் போடுவேன், மறைக்க மனசு வரலை என்று அழுதாயாம். கூடவே சுற்றின ஒருத்தன்கூட முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லையாம், அதனால் உன்மேல் அவனுக்குக் கோபம் இல்லையாம். எனக்கு இருக்கு, போக நாளாகும் என்றார் ஆன்ட்டி. நியாயம்தானே. பஸ்ஸில் வரும்போது நானும் அழுதேன்.

வருகிற ஞாயிறு நம் சர்ச்சில் தேர்தல். செக்ரெட்டரியாக இருந்து ஒரு கூட்டம்கூட ஒழுங்காகக் கூட்டாத உன் தாவீது சித்தப்பா மறுபடியும் நிற்கிறார். இன்று காலை அவர் வீட்டுக்குப் போய், இந்தத் தடவை என் ஓட்டு உங்களுக்கு இல்லை என்று நேரே சொல்லிவிட்டேன். சித்தி காபி போடக்கூட எழுந்திருக்கவில்லை. அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் நடத்தட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஜெர்சன் தனியாக இருப்பான், போய்ப் பார்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத அம்மா,
ஏஞ்சல் சுகுமார்