பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே

6-11-79, செவ்வாய். காலை முதல் தூறல்.

மழைக்குப் பயந்து நான் வாக்காளர் பட்டியல் வேலையிலிருந்து நின்றுவிட்டேனாம். எங்கள் பெண்கள் குழுவில் பேச்சு. தவறு. நிற்கவில்லை, நகர்த்தப்பட்டேன். இனி என் இடத்தில் வீடு வீடாகப் போகிறவள் பாக்கியம். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து புதுப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். "உங்க எழுத்து முத்துங்க" என்றார் தலைவி. கான்வென்ட் எழுத்து. முத்தை மூலையில் வைத்தாயிற்று.

காரணம் தெரியும். போன வாரம், தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒரு தெரு. விடுபட்ட பெண்களுக்குப் படிவம். "கணவர் பெயர்?" என்றேன். வாயைப் பொத்திச் சிரிப்பு. ஒன்பது படிவம், ஒன்பதிலும் அந்த இடம் காலி. பாக்கியம் வந்தாள். ஐந்தாம் வகுப்பு. வெற்றிலை வாய்.

"ஏத்தா, உன் புருசன் பேரை நீ சொல்ல வேணாம். அவ வீட்டுக்காரர் பேரை நீ சொல்லு, உன் வீட்டுக்காரர் பேரை அவ சொல்லட்டும்."

"அந்தக் குறட்டைக்காரர் பேரா?"

"அடியே, குறட்டைன்னே எழுதிறப் போறாக!"

கால் மணி நேரத்தில் ஒன்பதும் முடிந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை?

7-11, புதன். வெயில். செருப்பு வார் தைக்க. காபிப்பொடி.

ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். பாக்கியத்தின் தெரு. கதவு எண் 13. அடுத்தது 15. அவள் வீடு 14.

குமாஸ்தா: "மூணு தடவை ஆள் போச்சும்மா. பூட்டிக் கெடந்துச்சு."

கிடக்காதா. ஊரார் பெயரைச் சேர்க்கப் போயிருப்பாள்.

சேர்க்கக் கடைசி நாள் வெள்ளி. அவளே கையெழுத்துப் போட வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. வீடு வரை ஒரே மகிழ்ச்சி. எனக்குத்தானே எழுதுகிறேன்: மகிழ்ச்சி.

8-11, வியாழன். புழுக்கம்.

குழுக் கூட்டம். பாக்கியத்துக்குக் கைதட்டல். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மா, எம்புட்டு அழகா எழுதுறீக! எனக்கு வரலையே."

நான் டீச்சர் இல்லை. பத்து தடவை சொல்லியாயிற்று.

"போன தடவை எம் பேர்ல வேற எவளோ ஓட்டைப் போட்டுட்டுப் போயிட்டா டீச்சரம்மா. அதுக்குத்தான் இந்த வேலைக்கே வந்தேன். இந்தத் தடவை மொத ஆளாப் போட்டுட்டு, அப்புறம் வெளிய நின்னு கண்காணிக்கப் போறேன்."

"போ" என்றேன். என் இட்லித் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

என் வீட்டுக்காரர் இருந்தால் "சொல்லிடும்மா" என்றிருப்பார். பன்னிரண்டு வருடமாக அப்படிச் சொல்ல ஆளில்லை.

9-11, வெள்ளி. காலை 6. மேகம். தலைவலி.

படிவத்தை நானே நிரப்பினேன். கையெழுத்து இடம் மட்டும் காலி. அவள் கிளம்புமுன் பால்காரியிடம் கொடுத்தனுப்ப வேண்டும். உடன் வைத்த சீட்டின் நகல்:

பாக்கியம், புதுப் பட்டியலில் உன் பெயர் இல்லை. புதன்கிழமையே பார்த்தேன். பொறாமையால் சொல்லவில்லை. இதில் கையெழுத்துப் போட்டு, இன்று மாலை ஐந்துக்குள் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவிடம் கொடு. என்னைப் பார்க்க வர வேண்டாம். கொடுத்தாயிற்றா என்பதை மட்டும் எழுதி அனுப்பு.